சாண்டர் ஓட்டிய பலகையில் சுழி விழுவது ஏன்?

கேள்வி: தேக்கு மேசைப் பலகையை 5 அங்குல ஆர்பிட்டல் சாண்டரில் (வட்டத் தட்டு அதிர்ந்து சுழன்று தேய்க்கும் மெஷின்) 80, பிறகு 220 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தடவிப் பார்த்தால் வழவழப்பு. நிறமேற்றும் ஸ்டெயின் பூசியதும் பலகை முழுக்கக் குட்டிக் குட்டிச் சுழிகள். மெஷின் சரியில்லையா?

பதில்: மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். 80-இலிருந்து 220-க்குத் தாவியதுதான் முதல் தவறு. நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். 80 போட்ட கீறலின் ஆழத்துக்கு 220 இறங்காது. மேட்டை மட்டும் வழித்துவிட்டு நிற்கும். அதனால் விரலுக்குத் தெரியாத கீறலில் ஸ்டெயின் தேங்கிக் கறுக்கிறது.

இரண்டாவது, அழுத்தம். தட்டு சுழன்றபடியே அதிர்வதால்தான் கீறல்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன. அழுத்தினால் சுழற்சி நின்று அதிர்வு மட்டும் மிஞ்சும், சுழி ஆழமாக விழும். தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிந்தால் கையைத் தளர்த்துங்கள். மெஷினின் எடையே போதும். நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தினால் சரி.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. தூள் தாளில் கட்டிகட்டியாக ஒட்டும். அந்தக் கட்டியும் சுழி போடும். தாளின் ஓட்டைகள் தட்டின் ஓட்டைகளோடு பொருந்தாவிட்டால் தூசி உறிஞ்சாது, இன்னும் சீக்கிரம் அடைக்கும். அடைத்த தாளைத் தயங்காமல் மாற்றுங்கள்.

இப்போது 80-இலிருந்தே மறுபடி தொடங்குங்கள். பிறகு 120, 180. ஒவ்வொரு தாளுக்கும் முன் பலகையில் பென்சிலால் கிறுக்கி, கிறுக்கல் முழுதும் மறைந்ததும் அடுத்ததற்குப் போங்கள். இடையில் தூசியைத் துடைப்பது கட்டாயம். 80-இன் ஒரு மணல் தங்கினாலும் 180-இன் வேலை கெடும். கடைசியில் 180 தாளால் ரேகைப் போக்கில் கையால் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஸ்டெயின் பூசுவதென்றால் 180 போதும். அதற்கு மேல் போனால் மரம் நிறத்தைக் குறைவாகவே குடிக்கும்.

தேக்கு பிளைவுட் என்றால் 80 பக்கமே போகாதீர்கள். மேல்தோல் மிக மெல்லியது, நொடியில் அடிப்பலகை தெரிந்துவிடும்.

கேள்வி: முப்பது வருஷத்துப் பழைய எனாமல் பூசிய கதவைச் சாண்டரில் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். சாண்டர் அதைப் பொடியாக்கி வீடெங்கும் பரப்பும், குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து. வாட்டர் பேப்பரை நனைத்துக் கையால் தேயுங்கள், அல்லது பெயின்ட் ரிமூவர் போட்டுச் சுரண்டுங்கள். என்95 முகக்கவசம் அணியுங்கள். உதிர்ந்ததைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.