அரமும் கால்விலங்கும்

அன்புள்ள ஐயா,

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' வாசித்து முடித்தேன். சிறுவன் பிப் திருடுகிறான், கூசாமல் பொய் சொல்கிறான். பெரியவனானதும் தன்னை வளர்த்த ஜோவையே மதிக்காமல் போகிறான். அதற்கு இதெல்லாம் முன்குறிப்பு என்று பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். சரிதானா? என் ஒன்பது வயது மகனும் கைப்பையிலிருந்து பணம் எடுக்கிறான். அவனிடம் இந்த நாவலைக் கொடுக்கலாமா? திரைப்பட வடிவங்களில் எது நல்லது?

வி., செம்பூர், மும்பை

அன்புள்ள வி.,

படங்களை விடுங்கள். பொய்யையும் விடுங்கள். நான்கு பெரிய நாய்கள் வெள்ளிக்கூடையில் கறி தின்றன என்று அளக்கிற பையனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தப் பென்சில் கோட்டை அழியுங்கள். 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை இது. வாசகரை அடுத்த வாரமும் வரவழைக்க எதையாவது விதைத்தாக வேண்டும். டிக்கன்ஸ் விதைத்தது அரத்தை. தப்பி வந்த கைதி மிரட்டியதால் பிப் அதை ஜோவின் கொல்லுப்பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டு சதுப்பு நிலத்துக்கு ஓடுகிறான். பிறகொரு நாள் மதுக்கடையில் யாரோ ஒருவன், பிப் கண்ணில் படும்படி, அதே அரத்தால் ரம்மைக் கலக்குகிறான். பையனுக்கு உயிரே போய்விடுகிறது. அப்புறம் அந்த அரம் அறுத்துப்போட்ட கால்விலங்கு. பட்டறையில் வேலை செய்த ஓர்லிக் அதை வைத்துத்தான் பிப்பின் அக்காவை அடித்துச் சாய்க்கிறான். அவளுக்குப் பேச்சே போய்விடுகிறது. திருடிய பையன் திருடனாகவில்லை. அவன் எடுத்த பொருள்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

சிறுவர்கள் பிறவியிலேயே கெட்டவர்கள் என்ற பேச்சும் நாவலில் உண்டு. கிறிஸ்துமஸ் விருந்து மேசையில் உட்கார்ந்து மூக்குமுட்டத் தின்னும் பெரியவர்கள் பேசுவது அது. அவர்களை டிக்கன்ஸ் எவ்வளவு கேவலப்படுத்துகிறார் என்று கவனித்தீர்களா? நீங்கள் பென்சிலும் கையுமாக அவர்கள் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒரு பையன் அப்பா சட்டைப்பையிலிருந்து சில்லறை எடுத்து வடாபாவ் தின்பான். விளையும் பயிர் முளையிலே என்று எல்லா மாமிகளும் வராந்தாவில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இன்று வாஷியில் லாரி புக்கிங் நடத்துகிறான், கணக்கில் படு சுத்தம். ஆனால் அவன் வீட்டுக்கு வந்தால் அவன் அம்மா பீரோச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அவன் பார்ப்பான். எனக்கு அந்த மாமியை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருக்கும்.

அரம் எடுத்ததை பிப் ஏன் ஜோவிடம் சொல்லவில்லை? ஆறாம் அத்தியாயத்தில் அவனே சொல்கிறான்: சொன்னால் ஜோ தன்னை வேறு மாதிரிப் பார்ப்பார் என்ற பயம். உங்கள் மகன் பணத்தை எதற்கு எடுத்தான்? கடிதத்தில் அது இல்லையே அம்மா. கேட்டீர்களா?

நாவலை அப்படியே கையில் கொடுக்காதீர்கள், ஒன்பது வயதுக்கு அது கனம். முதல் ஆறு அத்தியாயங்களை ராத்திரியில் நீங்களே தமிழில் சொல்லுங்கள். அவன் நடுவில் புகுந்து ஏதாவது சொன்னால், கதையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.