அவுரியஸ் என்ற ரோமானியப் பொற்காசில் இருப்பது யார்? கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: ரோமானியப் பொற்காசுகளின் பின்பக்கத்தில் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி தெரிகிறார்கள். எந்தத் தேவி என்று எப்படிச் சொல்வது?

பதில்: முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். கப்பல் சுக்கான் பிடித்திருந்தால் அதிர்ஷ்ட தேவி ஃபோர்ச்சுனா. தராசு என்றால் ஏக்விட்டாஸ், நேர்மை. பாம்புக்கு உணவு ஊட்டினால் சாலஸ், நலம் தருபவள். சிறகும் மாலையும் இருந்தால் வெற்றித் தேவி விக்டோரியா.

கேள்வி: ரோமானிய அரசர் டைபீரியஸ் காசில் கிளையோடு உட்கார்ந்திருப்பது அவருடைய அம்மா லிவியாதானே?

பதில்: காசில் அவள் பெயர் இல்லை. சுற்றியிருக்கும் எழுத்து 'தலைமைப் பூசாரி' என்ற அரசரின் பட்டம்தான். கையில் இருப்பதை ஆலிவ் கிளையாகக் கொண்டால் அமைதித் தேவி பாக்ஸ். என் கணக்கில் வேடம் பாக்ஸ், ஆள் லிவியா. பார்க்கிறவர்கள் தாங்களே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள்.

கேள்வி: நம் ஊரில் கிடைத்த ரோமானியக் காசுகளில் வெட்டு இருக்கிறதே, சாமி மேல் கோபமா சார்?

பதில்: இல்லை. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் உளி வெட்டு விழுந்திருப்பது அரசரின் தலையில்; சாமி தப்பித்துவிட்டது. 'இனி இது காசாகச் செல்லாது, எடைக்குத் தங்கம்' என்பதற்கான அடையாளம் என்ற விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: அரசர் நீரோ காசில் ரோமானியரின் தலைமைக் கடவுள் ஜூபிடர் வந்தது பக்தியாலா?

பதில்: பயத்தால் என்பேன். கி.பி. 65இல் நீரோவைக் கொல்லத் தீட்டிய சதி அம்பலமானது. அப்புறம் வந்த காசில் இடியாயுதத்தோடு அமர்ந்த ஜூபிடர், 'காவலன் ஜூபிடர்' என்ற எழுத்தோடு. காவல் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

கேள்வி: இருப்பதிலேயே விசித்திரமானது எது?

பதில்: சந்தேகமே இல்லை, அரசர் எலகபாலஸ் காசு (ஆட்சி கி.பி. 218-222). நான்கு குதிரைத் தேரில் ஒரு கல், சுற்றிலும் குடைகள். சிரியாவின் எமேசா ஊர்ச் சூரியக் கடவுள் அது. முதலில் பார்த்தபோது லிங்கம் தேரில் வருகிறதோ என்று நினைத்தேன்! அரசர் கொலையானதும் கல்லை ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: அரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு வந்ததும் எல்லா சாமிகளும் போய்விட்டார்களா?

பதில்: உடனே இல்லை. 313ஆம் ஆண்டின் பெரிய தங்கப் பதக்கத்தில் சூரியக் கடவுள் சோலின் முகம் அவர் முகத்தோடு ஒட்டியே இருக்கிறது. 325 வாக்கில்தான் சோல் மறைந்தார். தப்பித்தவள் விக்டோரியா. பின்னாளில் அவள் கையில் சிலுவையைக் கொடுத்தார்கள். 6ஆம் நூற்றாண்டில் ஆண் தேவதூதராகவே மாற்றிவிட்டார்கள். சிறகு மட்டும் அப்படியே இருந்தது.