தினம் இரண்டரை மணி நேரம் கேம் ஆடினால் ஹார்ட்கோர் பிளேயரா?

கேள்வி: எனக்கு 27 வயது. ஊர் மண்டைக்காடு பக்கம், வேலை திருவனந்தபுரத்தில். தினமும் இரணியலில் ரயில் ஏறிப் போய் வருகிறேன். போக வர இரண்டரை மணி நேரம் ஃபோனில் கேம்தான். கேண்டி கிரஷ் 2,000 லெவல் தாண்டிவிட்டேன். செஸ் ஆப்பில் தினம் நாலைந்து ஆட்டம், எல்லாம் 10 நிமிட ஆட்டங்கள். தோற்ற ஆட்டத்தை ராத்திரி எடுத்து எங்கே விட்டேன் என்று பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் இரண்டு மணி நேரம். கூட்டுக்காரன் ஒருவன், "மக்கா, நீ வெறும் டைம்பாஸ் பிளேயருல்லா, ஹார்ட்கோர்னா கேமிங் லேப்டாப் வேணும்" என்கிறான். தவணையில் வாங்க 90,000 ரூபாய் லேப்டாப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நான் எந்த வகை? லேப்டாப் வாங்கலாமா?

பதில்: லேப்டாப் இப்போது வேண்டாம். ஏன் என்பதைக் கீழே கணக்கோடு சொல்கிறோம். முதலில் உங்கள் வகையைப் பார்ப்போம்.

ஆடும் நேரத்தை வைத்து கேஷுவல் (பொழுதுபோக்குக்கு ஆடுபவர்), ஹார்ட்கோர் (தீவிரமாக ஆடுபவர்) என்று பிரிக்க முடியாது. தூத்தூர், குளச்சல் பக்கம் சாயங்காலம் ஃபுட்பால் ஆடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். இருபது பேரும் ஒன்றரை மணி நேரம்தான் ஆடுகிறார்கள். விளையாட்டு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் இருட்டும்வரை நின்று, வராத இடது காலால் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள்தான் வேறு வகை. வீடியோ கேமிலும் இதே கதைதான்.

எர்னஸ்ட் ஆடம்ஸ், பேரி இப் என்ற கேம் ஆய்வாளர்கள் இருவர் ஓர் ஆட்டக்காரரின் ஈடுபாட்டை அளக்க 2002-இல் 15 அளவுகோல்களை முன்வைத்தார்கள். நீண்ட நேரம் ஆடுவது அதில் ஒன்று, அவ்வளவே. நல்ல கருவி வைத்திருப்பது, செலவழிக்கத் தயங்காதது, ஆழமும் சிக்கலும் உள்ள கேமைத் தேடுவது, கேம் பற்றிய செய்திகளைத் தேடிப் படிப்பது, நண்பர்களோடு அலசுவது, தோல்வி தரும் எரிச்சலைத் தாங்குவது, தன்னோடும் பிறரோடும் போட்டி போடுவது, கேமையே மாற்றியமைத்துப் பார்க்கும் ஆசை என்று பட்டியல் போகிறது. உங்கள் கூட்டுக்காரர் அதில் கருவி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். எங்களைக் கேட்டால், தோல்விக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவோம். மற்றவை பெரும்பாலும் அதைத் தொடர்ந்து வருபவை.

எந்த கேம் என்பதும் முடிவு செய்யாது. 1984-இல் உருவான டெட்ரிஸை யார் வேண்டுமானாலும் இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அதன் பழைய நின்டெண்டோ வடிவத்தை, 2023 டிசம்பரில், அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் 157-ஆம் லெவல் வரை கொண்டுபோய், கேமே உறைந்து நிற்கும்படி செய்தான். அதுவரை எந்த மனிதரும் அங்கே போய்ச் சேர்ந்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் பொழுதுபோகாமல் ஆடுகிறவர் கையில் இருப்பதும் அதே கேம்தான்.

உங்களுடைய மூன்று கேம்களையும் தனித்தனியாகப் பார்த்தால் படம் தெளிவாகிவிடும்.

கேண்டி கிரஷில் நீங்கள் கேஷுவல். 2,000 லெவல் பெரிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் 2012-இல் வந்த அந்த கேமின் அமைப்பே கேஷுவல் ஆட்டக்காரருக்காகச் செய்யப்பட்டது. ஐந்து உயிர், தோற்றால் ஒன்று போகும், போன உயிர் திரும்பி வர 30 நிமிடம். ஐந்தும் தீர்ந்தால் முழுசாக நிறைய இரண்டரை மணி நேரம் ஆகும். அதாவது, தோற்றவரை உட்கார்ந்து யோசிக்க விடாமல், காத்திரு அல்லது காசு கொடு என்று சொல்லும் கேம் இது. பொழுதுபோக்காக ஆடும்வரை அதில் தப்பே கிடையாது.

பிஜிஎம்ஐயிலும் நீங்கள் கேஷுவல்தான். உங்கள் கடிதத்தில் தோற்ற செஸ் ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பது பற்றி எழுதியிருக்கிறீர்கள், பிஜிஎம்ஐ தோல்வி பற்றி ஒரு வரி இல்லை. ஞாயிறு மதியம் மேட்டின் மறுபக்கத்திலிருந்து குண்டு வந்து விழுகிறது, உடனே கை லாபிக்குப் போய் அடுத்த மேட்சைத் தொடங்குகிறது. அந்த நொடியில் நின்று யார் சுட்டார், எங்கிருந்து சுட்டார், நம் தலை ஏன் மேட்டுக்கு மேலே தெரிந்தது என்று ரீப்ளே பார்க்கிறவர் வேறு ஆள்.

செஸ்ஸில் நீங்கள் ஹார்ட்கோர் பக்கம் வந்துவிட்டீர்கள். தோல்வியைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறீர்கள், யாரும் சொல்லாமலே. ஆப்பில் ஆடும் செஸ் கேமிங் கணக்கில் வருமா என்று கூட்டுக்காரர் கேட்டால், 2025-இல் ரியாத்தில் நடந்த ஈஸ்போர்ட்ஸ் (வீடியோ கேம் போட்டி) உலகக் கோப்பையில் செஸ்ஸும் இடம்பெற்றதைச் சொல்லுங்கள். அங்கேயும் நீங்கள் ரயிலில் ஆடும் அதே 10 நிமிட ஆட்டம்தான், நகர்த்தலுக்குக் கூடுதல் நொடி கிடையாது. மேக்னஸ் கார்ல்சன் வென்றார், நம் அர்ஜுன் எரிகைசி நான்காவதாக வந்தார்.

பிஜிஎம்ஐயிலும் அப்படி ஆட ஆசை இருந்தால்

அதற்கு லேப்டாப் தேவையில்லை. வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் போதும். முதல் 15 நிமிடம் டிரெயினிங் கிரவுண்டில். ஒரே துப்பாக்கி, ஒரே ஸ்கோப். எம்416, 3எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு எதிரே நின்று, மேலே துள்ளும் குறியை விரலால் கீழே இழுத்தபடி ஒரு முழு மேகசீனையும் விடாமல் சுடுங்கள். பிறகு சுவரில் விழுந்த துளைகளைப் பாருங்கள். துளைகள் மேலே ஏறிக்கொண்டே போனால் ஏடிஎஸ் சென்சிடிவிட்டி (சுடும்போது விரல் இழுப்புக்குக் குறி எவ்வளவு நகரும் என்ற அளவு) போதவில்லை, கூட்டுங்கள். கீழே இறங்கினால் அதிகம், குறையுங்கள். ஒரு தடவைக்கு 5 சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றியபின் மூன்று மேகசீனாவது சுட்டுப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றம் செய்யுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் இதுதான். விரலின் சென்சிடிவிட்டியையும் ஜைரோஸ்கோப்பின் (ஃபோனைச் சாய்த்துக் குறிபார்ப்பது) சென்சிடிவிட்டியையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எது கெடுத்தது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். யூடியூபில் ஒரு பிரபல ஆட்டக்காரரின் சென்சிடிவிட்டி எண்களை அப்படியே போட்டுக்கொள்வதும் உதவாது. அவருடைய ஃபோனின் அளவு வேறு, பிடிக்கும் விதம் வேறு. அவர் நாலு விரலில் ஆடுகிறார் என்றால், இரண்டு கட்டைவிரலில் ஆடும் உங்களுக்கு அந்த எண்களால் பயனில்லை.

மீதி 25 நிமிடத்தில் ஒரே ஒரு மேட்ச், அதன் ரீப்ளே. செத்த இடத்தை நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: "புகை போடாமல் திறந்த வெளியில் ஓடினேன்", "குணமாக்கும்போது எழுந்து நின்றேன்" என்பதுபோல. பத்து வரி சேர்ந்ததும் ஒரே தப்பு நாலைந்து தடவை வந்திருப்பது தெரியும். அடுத்த வாரம் அந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள்.

கருவி விஷயத்தில், கிராபிக்ஸை ஸ்மூத், ஃபிரேம் ரேட்டை எக்ஸ்ட்ரீம் என்று வைத்தால் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 16.7 மில்லி நொடிக்கு ஒரு படம். இது சீராக வந்தாலே போதும். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினால் ஃபோன் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், ஃபிரேம் விழும். ஆடும்போது கவரைக் கழற்றிவிடுங்கள். புளூடூத் இயர்பட்ஸில் சத்தம் தாமதமாக வரும், எதிரியின் காலடி கேட்பதற்குள் அவர் கதவுக்குள் வந்துவிடுவார். சாதாரண ஒயர் இயர்ஃபோனே நல்லது.

ரயிலில் பிஜிஎம்ஐ ரேங்க் மேட்ச் ஆட வேண்டாம். டவர் விட்டு டவர் மாறும்போதெல்லாம் பிங் (சர்வருக்குப் போய் வரும் தாமதம்) எகிறும். பாறசாலையை நெருங்கும்போது தமிழ்நாட்டுத் தொலைபேசி வட்டத்திலிருந்து கேரள வட்டத்துக்கு ஃபோன் மாறுகிறது, அங்கே ஆட்டமே அறுந்துபோகலாம். ரயிலுக்கு டவுன்லோடு செய்துவைத்த செஸ் புதிர்களும், உங்களுக்குப் பிடித்த கேண்டி கிரஷும் போதும்.

இரண்டு வாரச் சோதனை

பணம் செலவழிக்கும் முன் 14 நாள் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு தடவை கேம் திறக்கும்போதும், எப்போது நிறுத்தப் போகிறேன் என்று நேரம் எழுதுங்கள். நிறுத்தியதும் உண்மையில் நிறுத்திய நேரம், தோற்றபின் என்ன செய்தேன், இதற்காக எதைத் தள்ளிப்போட்டேன் என்று மூன்று குறிப்பு. மொத்த நேரத்துக்கு மனக்கணக்கை நம்பாதீர்கள், ஃபோனில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங் காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தோல்விக்குப் பின் ரீப்ளே, பயிற்சி என்று பாதிக்கு மேல் எழுதியிருந்தால் அந்த கேமில் நீங்கள் ஹார்ட்கோர். "அடுத்த மேட்ச்" என்றே இருந்தால் கேஷுவல்.

தள்ளிப்போட்டவை என்ற பத்திதான் எங்களுக்கு முக்கியம். தூக்கம், சாப்பாடு, வேலை, வீட்டில் சொன்ன காரியம் என்று அது நிறைந்துகொண்டே போனால் அதற்குப் பெயர் ஹார்ட்கோர் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு ஒரு நோயாகவே இருக்கிறது. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக கேம் நிற்பது, கெடுதல் நடந்தும் தொடர்வது, இவை வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குப் பொதுவாக 12 மாதமாவது நீடிப்பது அதன் அடையாளம். அப்படி யாரையாவது தெரிந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416-க்குப் பேசச் சொல்லுங்கள், தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அதற்கான சாயல் எதுவும் இல்லை.

ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவற்றை இந்தப் பேச்சில் சேர்க்கவே இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றைத் தடை செய்து, ஈஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரித்திருக்கிறது.

இனி லேப்டாப் கணக்கு

90,000 ரூபாய், 24 மாதத் தவணை, வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்தால் மாதம் ஏறத்தாழ 4,360 ரூபாய். மொத்தம் 1,04,000 ரூபாய்க்கு மேல் கட்டுவீர்கள். நீங்கள் உட்கார்ந்து ஆடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும், மாதம் ஒன்பது மணி நேரம்கூட வராது. மணிக்குக் கிட்டத்தட்ட 500 ரூபாய். அதுவும் நீங்கள் ஆடுகிற மூன்றில் எதற்கும் கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. பிஜிஎம்ஐ ஃபோனுக்காகச் செய்யப்பட்டது. எமுலேட்டர் (ஃபோன் ஆப்பைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) போட்டுக் கணினியில் ஆடினால் கணக்கு முடங்கும் ஆபத்து உண்டு. கணினியில் மட்டும் கிடைக்கும் ஒரு கேமை நீங்கள் பெயர் சொல்லித் தேடும் நாள் வந்தால் அப்போது வாங்குங்கள்.

அப்படி வாங்கினால், மண்டைக்காட்டில் இருப்பதால் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள்: உப்புக்காற்று. கேமிங் லேப்டாப்பின் விசிறி காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அந்தக் காற்றோடு உப்பு ஈரமும் உள்ளே போகும். முதலில் யுஎஸ்பி துளைகள் லூஸ் கான்டாக்ட் ஆகும், கீபோர்டில் ஓர் எழுத்து இரண்டாக விழும். திறந்து பார்த்தால் செம்புப் பகுதிகளில் பச்சைப் பூப்பு தெரியும். கடலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். ஆடி முடித்ததும் சூடு ஆறும்வரை அரை மணி நேரம் விட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பையில் வையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே அடைபட்ட ஈரம் குளிரும்போது அதன் மேலேயே படியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை விசிறியைச் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

கரண்ட் விஷயம், லேப்டாப் வாங்காவிட்டாலும் உங்களுக்கு உதவும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஐப்பசி இடிக்குக் கரண்ட் போவது தெரிந்ததே. ஃபோனில் பேட்டரி இருக்கும், ஆனால் வைஃபை அணைந்து மேட்ச் அறுந்துவிடும். ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். வோல்ட் அதேபோல இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து வாங்குங்கள், ஒன்றுக்கு மட்டும் போட்டால் வைஃபை சின்னம் தெரியும், நெட் வராது. அருகில் இடி விழும் நேரத்தில் யுபிஎஸ்ஸின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பேட்டரியிலேயே மேட்சை முடித்துக்கொள்ளலாம்.