மனநல மருந்துகளை டாக்டர்களிடம் விற்ற கதை: வாசகர் கேள்விகள்

பதற்ற மாத்திரைகளைப் படிப்படியாக எப்படி நிறுத்துவது என்று போன முறை எழுதியிருந்தேன். அதில் போகிறபோக்கில் ஒரு வரி சொன்னேன்: 1960களில் இந்த மாத்திரைகளை டாக்டர்களிடம் விளம்பரப்படுத்திய விதத்தைப் பார்த்தால் மனசு வலிக்கும் என்று. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். பதில்களில் அமெரிக்காவே அதிகம் வரும். இந்த விளம்பரத் தொழில் வளர்ந்தது அங்கேதான், வழக்கும் விசாரணையுமாக ஆவணங்கள் வெளியே வந்ததும் அங்கேதான்.

துடைப்பங்களுக்குப் பின்னால் ஒரு பெண் சிறைக்கைதி போல நிற்கும் மருந்து விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். உண்மையா, இப்போது யாரோ செய்த படமா? (கோவையிலிருந்து ஒரு மருத்துவ மாணவி)

உண்மைதான். 1967இல் வைத் நிறுவனம் செராக்ஸ் என்ற பதற்ற மாத்திரைக்காக அமெரிக்க மருத்துவ இதழ்களில் போட்ட விளம்பரம். மருந்தின் பொதுப்பெயர் ஆக்ஸசெபம்.

படத்தை நிதானமாகப் பாருங்கள். துடைப்பக் கட்டைகளும் தரை துடைக்கும் மாப் கட்டைகளும் நெட்டுக்குத்தாக வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு இளம் பெண். தலைப்பு சொல்வது இது: 'உங்களால் அவளை விடுவிக்க முடியாது. ஆனால் அவளுடைய பதற்றத்தைக் குறைக்க உதவலாம்.' கீழே சின்ன எழுத்தில், இந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியும் என்று டாக்டரிடம் பேச்சு தொடங்குகிறது. சிறு பிள்ளைகளை வளர்க்கும் பாரம், பெரும்பாலான நேரம் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருப்பது, தன்னால் ஒன்றும் முடியவில்லை என்ற எண்ணம், தனிமை. எல்லாவற்றையும் சரியாகவே சொல்கிறது. மாத்திரையால் அவளுடைய சூழலை மாற்ற முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறது. அதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் மாத்திரையை நீட்டுகிறது.

இத்தனை வருடம் கழித்தும் என்னைத் தொந்தரவு செய்வது இதுதான். அதை எழுதியவருக்கு அவளுடைய பிரச்சினை என்னவென்று தெரிந்திருக்கிறது. டாக்டருக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறார். கணவர் என்ன செய்கிறார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, வெளியே வேலைக்குப் போக அவளுக்கு ஆசையா என்ற கேள்விகளைக் கேட்கவே வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை என்று டாக்டருக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கிறது அந்த விளம்பரம்.

இதற்குக் கொஞ்சமும் குறையாத இன்னொன்று, வேலியம் என்ற பதற்ற மாத்திரைக்கு 1970இல் வந்த விளம்பரம். '35 வயது, திருமணமாகாதவள், மனநோய்க் கூறு உள்ளவள்' என்பது தலைப்பு. அவளுக்கு ஜான் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள், நம் ஜானகியைச் சுருக்கிக் கூப்பிடுவோமே, அது போல. பதினைந்து வருடப் புகைப்படங்கள், ஒவ்வொன்றிலும் அவள் பக்கத்தில் வேறு வேறு ஆண், கடைசிப் படத்தில் தனியாக நிற்கிறாள். கல்யாணம் ஆகாததையே நோயின் அறிகுறியாக ஆக்கிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது நம் வீட்டு அத்தைகளும் சித்திகளும் எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பெண்களை மட்டும்தான் குறிவைத்தார்களா?

இல்லை, ஆனால் அவர்களைத்தான் அதிகம். ஆண்கள் வேலைச்சுமையில் வயிற்றுப்புண் வந்த அதிகாரிகளாக வருவார்கள். குழந்தைகளும் உண்டு. ஃபைசர் நிறுவனத்தின் 'விஸ்டரில்' என்ற பதற்ற மருந்துக்கான விளம்பரம் ஒன்று பள்ளிக்கூடம், இருட்டு, பல் டாக்டர், பூதம் என்று குழந்தைகளின் பயங்களைப் பட்டியல் போட்டது. இருட்டுக்குப் பயப்படாத குழந்தை எந்த ஊரில் இருக்கிறது?

மனச்சிதைவு மருந்துகளுக்கு வந்தால் இன்னும் கசப்பு. 1974இல் வந்த ஹால்டால் விளம்பரத்தில் ஒரு கறுப்பின ஆண் தெருவில் முஷ்டியை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். பின்னால் நகரம் தீப்பிடித்தது போல ஒரே செம்மஞ்சள். 'தாக்குகிறாரா, சண்டைக்கு வருகிறாரா? ஒத்துழைப்பு பல சமயம் ஹால்டாலில் தொடங்குகிறது' என்று தலைப்பு. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டங்கள் அமெரிக்கத் தெருக்களில் நடந்து முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. உயர்த்திய முஷ்டிக்கு அன்று என்ன பொருள் என்பது அந்தப் படத்தைப் பார்த்த ஒவ்வொரு டாக்டருக்கும் தெரியும். நோயாளி எப்படி இருப்பார் என்று ஒரு முகத்தைக் காட்டிக் காட்டிப் பழக்கினால், வார்டில் அந்த முகம் வரும்போது நோய்ப்பெயர் தானாகக் கைக்கு வந்துவிடும்.

ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மாத்திரை விவகாரத்தில் அடிபட்ட சாக்லர் குடும்பத்துக்கும் வேலியத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. ஆர்தர் சாக்லர் ஒரு மனநல மருத்துவர், நியூயார்க்கில் கிரீட்மோர் அரசு மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அதோடு வில்லியம் டக்ளஸ் மெக்ஆடம்ஸ் என்ற மருத்துவ விளம்பர நிறுவனத்தையும் நடத்தினார். ரோஷ் நிறுவனத்தின் லிப்ரியம் 1960இலும் வேலியம் 1963இலும் வந்தபோது அவற்றை விளம்பரப்படுத்தியது இந்த நிறுவனம்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள், இரண்டையும் கண்டுபிடித்தவர் லியோ ஸ்டெர்ன்பாக். ஒன்றை ஒன்று சாப்பிட்டுவிடாமல் இரண்டையும் விற்க வேண்டும். அதனால் லிப்ரியம் பதற்றத்துக்கு, வேலியம் மன இறுக்கத்துக்கு என்று பிரித்தார்கள். வயிற்றுவலி, தசைப்பிடிப்பு, தூக்கமின்மை என்று எதோடு வந்தாலும் பின்னணியில் மன இறுக்கம் இருக்கலாம் அல்லவா? ஆக, எல்லாத் துறை டாக்டர்களும் எழுதக்கூடிய மாத்திரை ஆயிற்று. உச்சம் தொட்ட 1978இல் அமெரிக்காவில் விற்றவை சுமார் 230 கோடி வேலியம் மாத்திரைகள். அடுத்த ஆண்டே எட்வர்ட் கென்னடி தலைமையில் செனட் குழு, இந்த மாத்திரைகளை விட முடியாமல் தவித்தவர்களை அழைத்து விசாரித்தது.

ஆர்தர் 1987இல் இறந்துவிட்டார். ஓபியாய்டு விவகாரத்தில் அடிபட்ட ஆக்ஸிகான்டின் மாத்திரை அதற்கு ஒன்பது வருடம் கழித்து, அவருடைய தம்பிகளின் குடும்பங்கள் நடத்திய நிறுவனத்திலிருந்து வந்தது. அந்த மருந்துக்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது. டாக்டரிடம் விற்கும் வித்தை அவரிடமிருந்து வந்ததுதான்.

படித்த டாக்டர்களிடம் படமும் கவர்ச்சியும் எப்படி எடுபட்டன?

எடுபட்டன, நன்றாகவே. மில்டவுன் என்ற பதற்ற மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள், 1955இல் வந்தது. 1958இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்க மருத்துவச் சங்க மாநாட்டுக்கு, அதைத் தயாரித்த நிறுவனம் ஓவியர் சால்வதோர் தாலியை 35,000 டாலர் கொடுத்து அழைத்து வந்தது. அவர் பட்டுத்துணியால் ஒரு பெரிய கூட்டுப்புழுவையே கட்டிவிட்டார். டாக்டர்கள் ஒரு முனையில் உள்ளே நுழைந்து மறுமுனையில் வெளியே வரலாம். பதற்றத்தில் தொடங்கி அமைதியில் முடிகிற பயணமாம்.

இதைவிட அழுத்தமான வழி புத்தகம். ஃபிராங்க் ஏய்ட் என்ற மருத்துவர், மனச்சோர்வு உள்ள நோயாளிகளைப் பொது மருத்துவர்கள் எப்படி அடையாளம் காண்பது என்று 1961இல் ஒரு புத்தகம் எழுதினார். நல்ல புத்தகம். மெர்க் நிறுவனம் அதில் 50,000 பிரதிகளை வாங்கி டாக்டர்களுக்கு விநியோகித்தது. அதே ஆண்டில்தான் அவர்களுடைய மனச்சோர்வு மருந்தான எலவில் சந்தைக்கு வந்தது. அதுவரை கண்டுகொள்ளப்படாத எத்தனையோ நோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைக்க இந்தப் புத்தகம் காரணமாக இருந்திருக்கும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நோயைப் பற்றிய பாடமும் மருந்து விற்பனையும் ஒரே பையில் வந்தால், பாடத்தை எடை போடுவது கஷ்டம்.

பக்க விளைவுகளைச் சொல்ல வேண்டும் என்ற விதி அப்போது இல்லையா?

1962 வரை பெரிதாக இல்லை. செனட்டர் எஸ்டெஸ் கீஃபாவர் நடத்திய விசாரணைகளும், அப்புறம் கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறந்த தாலிடோமைடு மருந்தின் கொடுமையும் சேர்ந்துதான் அந்த ஆண்டின் சட்டத்திருத்தத்தைக் கொண்டுவந்தன. டாக்டர் சீட்டில் வாங்கும் மருந்துகளின் விளம்பரம் எஃப்.டி.ஏ. என்ற அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கையில் வந்தது. பக்க விளைவுகள், யாருக்குக் கொடுக்கக்கூடாது, எவ்வளவு பலன் என்பதைச் சுருக்கமாகவாவது அச்சிட வேண்டும். பொதுப்பெயர், பிராண்டு பெயரின் எழுத்தில் பாதி அளவாவது இருக்க வேண்டும். செராக்ஸ் பெண்ணும் ஜானும் இந்தச் சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். பக்க விளைவை அச்சிடச் சொன்னது சட்டம். படத்தில் யாரை நோயாளியாக நிறுத்துவது என்பதில் அது தலையிடவில்லை.

எட்டு வருடமாக மருந்து சாப்பிடுகிறேன் டாக்டர். இதையெல்லாம் படித்தால் என் நோயும் விளம்பரக்காரர்கள் உண்டாக்கியதுதானோ என்று பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம் என்றவர்)

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். தயவுசெய்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பதற்ற மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரும். மற்றவற்றில் நோய் திரும்பலாம்.

விளம்பரம் மோசம் என்பதால் மருந்து பொய் ஆகிவிடாது. குளோர்புரோமசின் என்ற மனச்சிதைவு மருந்தை 1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்தபோது, வருடக்கணக்கில் கொந்தளிப்பில் இருந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அந்த மாற்றத்தை எந்த விளம்பரமும் உண்டாக்கவில்லை. இன்னொரு உதாரணம் லித்தியம். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் 1949லேயே அதன் பலனைச் சொன்னார். அது ஒரு சாதாரண உப்பு, யாரும் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் கோடிகளைக் கொட்டி விளம்பரம் செய்ய யாரும் முன்வரவில்லை. அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவே 1970 ஆயிற்று. இருதுருவ மனநோய்க்கு இன்றும் அதற்கு முன் வைக்கக்கூடிய மருந்து அதிகம் இல்லை.

உங்கள் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு எந்த நோய்க்காக இது, இப்போதும் இதே அளவு தேவையா, குறைப்பதென்றால் எப்படி. கேட்பது உங்கள் உரிமை. அதற்காக எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.

நான் மெடிக்கல் ரெப். இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாம் ஆதாரம் காட்டித்தான் பேசுகிறோம். ஏன் கிளறுகிறீர்கள்?

பழைய கதை என்று நானும் நம்ப ஆசைப்பட்டேன். 1950களின் தொரசின் (குளோர்புரோமசினின் அமெரிக்க பிராண்டு பெயர்) விளம்பரம் ஒன்றில் ஒரு முதியவர் கைத்தடியை ஓங்கிக்கொண்டு நிற்பார். வயதானவர்களின் கொந்தளிப்பை உடனே அடக்கும் மருந்து என்று சொல்லி விற்றார்கள். ஐம்பது வருடம் கழித்து, எலி லில்லி நிறுவனத்தின் ரெப்கள் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் சைப்ரெக்ஸா என்ற மனச்சிதைவு மருந்துக்குச் சொன்ன வாசகம் 'ஐந்து மணிக்கு ஐந்து'. மாலை ஐந்து மணிக்கு ஐந்து மில்லிகிராம் கொடுத்தால் இரவில் தூங்கிவிடுவார்கள். மறதிநோய்க்கு அந்த மருந்து அனுமதிக்கப்படவே இல்லை. இவ்வகை மருந்துகளால் மறதிநோய் முதியவர்களின் இறப்பு கூடுகிறது என்று 2005இல் எஃப்.டி.ஏ. கட்டம் கட்டி எச்சரித்தது. 2009இல் அந்த நிறுவனம் 141.5 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது.

நம் ஊரில் 1954ஆம் ஆண்டுச் சட்டம், பல நோய்களுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. பதிவு பெற்ற மருத்துவருக்கு ரகசியமாக அனுப்பும் விளம்பரத்துக்கு விலக்கு. எனவே உங்கள் கைப்பையில் இருப்பது நோயாளியின் கண்ணில் படுவதே இல்லை. 2024இல் வந்த விற்பனை நெறிமுறை பரிசுப் பொருட்களைத் தடுக்கிறது, 'சேஃப்' என்ற சொல்லை விளக்கமில்லாமல் பயன்படுத்தக்கூடாது என்கிறது. நல்லது.

ஒன்று சொல்கிறேன். நான் பயிற்சி முடித்த புதிதில் என் மேஜையில் ஒரு கடிகாரம் இருந்தது. முகப்பில் ஒரு மாத்திரையின் பெயர். அதைப் பரிசாகவே நான் நினைத்ததில்லை, மணி பார்க்க உதவியது, அவ்வளவுதான். ஒருநாள் ஒரு அம்மாவின் மகள் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: 'சார், எழுதியிருப்பது இந்தக் கடிகாரத்தில் இருக்கிற மருந்துதானே?' அந்த அம்மாவுக்கு அதுதான் சரியான மருந்து என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று மாலை கடிகாரத்தை எடுத்து உள்ளே வைத்தேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை தம்பி. உங்களுக்கு டார்கெட் இருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது என்பது தெரியும்.

மாமனார் டாக்டராக இருந்தவர். பழைய மருத்துவ இதழ்கள் இரண்டு பெட்டி இருக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள்! பல நூலகங்களில் ஆண்டு முடிந்ததும் இதழ்களை பைண்டிங் செய்யும்போது விளம்பரப் பக்கங்களை மட்டும் உருவி எறிந்துவிடுவார்கள். கட்டுரைகள் கிடைக்கும், விளம்பரங்கள் கிடைக்காது. தனி இதழ்களாக இருக்கும் உங்கள் பெட்டியில் அவை முழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். முன் பக்கங்களையும் கடைசிப் பக்கங்களையும் பாருங்கள், விளம்பரங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கிழித்து எடுக்க வேண்டாம். வெயில் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஒவ்வொரு விளம்பரத்தோடும் அந்த இதழின் அட்டையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். மாதமும் ஆண்டும் தெரியாவிட்டால் அந்தப் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஓரத்தில் மாமனார் பேனாவால் ஏதாவது குறித்திருந்தால் அதையும் விடாதீர்கள்.