பல்கலைக்கழகமும் பெருநிறுவனமும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நான் பதினான்கு ஆண்டுகளாக மில்வாக்கியில் வசிக்கும் மென்பொருள் பொறியாளன். என்னுடன் பணிபுரிந்தவர்களில் பலர் வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் சென்றுவிட்டார்கள். பெரிய நிறுவனங்கள் அங்கேதான் போகின்றன. எங்கள் விஸ்கான்சின் மாநிலம் மின்னணுக் கருவிகள் தயாரிக்கும் ஃபாக்ஸ்கானுக்கு அவ்வளவு சலுகை அறிவித்தும் பலனில்லை. இன்னும் தாராளமாகச் சலுகை தந்து, அரசியல்வாதிகளும் ஒதுங்கிக்கொண்டால் இங்கும் நிறுவனங்கள் வரும் என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகங்கள்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். பட்டம் கொடுப்பதைத் தவிர அவை என்ன செய்கின்றன? படிப்பைப் பாதியில் விட்டவர்கள்தானே பெரிய நிறுவனங்களைத் தொடங்கினார்கள்? மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். வீட்டை விற்றுவிட்டு இடம்பெயரலாமா என்ற குழப்பத்தில் இருக்கிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் மண்ணியல் பேராசிரியையான என் தோழி ஒருவருக்கு நீண்ட கடிதம் எழுதி முடித்திருந்தேன். நீங்கள் கேட்டிருப்பதும் நான் அவருக்கு எழுதியதும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் உடனே பதில் எழுதுகிறேன்.

படிப்பைப் பாதியில் விட்டவர்களைப் பற்றிய கேள்விக்கு ஒரு வரி போதும். ஃபேஸ்புக் பிறந்தது ஹார்வர்டு மாணவர் விடுதியின் ஓர் அறையில். அந்த அறையைவிட்டு வெளியேறியவரைப் பார்க்கிற நீங்கள் அறையைப் பார்க்கவில்லை.

சலுகை போதவில்லை என்கிறீர்கள். 2017-இல் உங்கள் மாநிலம் ஃபாக்ஸ்கானுக்கு அறிவித்த சலுகையின் மதிப்பு ஏறக்குறைய 300 கோடி டாலர். வாக்களிக்கப்பட்ட வேலைகள் 13,000. வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. தொழிற்சாலை வரவிருந்த மவுண்ட் பிளெசன்ட்டில் தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள் வீடுகளைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். 2021-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது அந்த 13,000 என்பது 1,454 ஆகச் சுருங்கியது, சலுகையும் 8 கோடி டாலராகக் குறைந்தது. அந்த நிறுவனத்தின் கணக்குகள் மாறியதற்கு வேறு பல காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சலுகை போதாமல் அது நடக்கவில்லை என்பது உறுதி.

உங்கள் நண்பர்கள் சென்ற வர்ஜீனியா என்ன கொடுத்தது? அமேசான் தன் இரண்டாம் தலைமையகத்துக்கு இடம் தேடியபோது 238 விண்ணப்பங்கள் குவிந்தன. மேரிலாந்து 850 கோடி டாலர் வரை தர முன்வந்தது. நியூ ஜெர்சி 700 கோடி. 2018 நவம்பரில் தேர்வானவற்றில் ஒன்றான ஆர்லிங்டனுக்காக வர்ஜீனியா பேசிய நேரடிச் சலுகை, முதல் 25,000 வேலைகளுக்கு 55 கோடி டாலர். வேலை உருவான பிறகே பணம். அதோடு, கணினித் துறையில் இருபது ஆண்டுகளில் கூடுதலாக 25,000 பட்டதாரிகளை உருவாக்குவோம் என்று சொல்லி, அந்த மாநிலம் தன் பல்கலைக்கழகங்களில் பெரும்பணத்தைப் போட்டது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு புதிய வளாகத்தையே தொடங்கியது. 2023-இல் அமேசான் தன் இரண்டாம் கட்டக் கட்டுமானத்தை நிறுத்திவைத்தது. அதற்காக அந்த வகுப்பறைகள் பூட்டப்பட்டுவிடவில்லை; அவை எந்த நிறுவனத்துக்கும் பயன்படும், எந்த நிறுவனமும் வராவிட்டாலும் அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

அடுத்து, அரசியல்வாதிகள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பதினான்கு ஆண்டுகள் ஒரு மாநிலத்தில் வாழ்ந்தவர் எழுதக்கூடிய சொற்களா இவை? நீங்கள் ஏக்கத்தோடு பார்க்கும் வட கரோலினாவின் ‘ஆய்வு முக்கோணம்’ என்னும் ஆய்வுப் பூங்கா 1950-களில் ஓர் ஆளுநர் முன்னின்று, மூன்று பல்கலைக்கழகங்களையும் வணிகர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்ததால் உருவானது. 1959-இல் அது தொடங்கியது, ஐ.பி.எம். வந்ததோ 1965-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பொறுமையோடு காத்திருந்ததும் அரசியல்தான். அதே மாநிலத்தில் 2016-இல் சார்லட் நகரம் திருநர்களுக்குப் பாதுகாப்பளித்து ஒரு விதியை இயற்றியபோது, மாநிலச் சட்டமன்றம் அதை முறியடிக்கும் சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றியது. அடுத்த சில வாரங்களிலேயே இணையப் பணப்பரிமாற்ற நிறுவனமான பேபால் அந்த நகரத்தில் 400 வேலைகளைத் தருவதாக இருந்த திட்டத்தைக் கைவிட்டது. நகரம் செய்யாத தவறுக்கு நகரமே இழப்பைச் சுமந்தது. ஆக்கியதும் அரசியல், கெடுத்ததும் அரசியல். அதில் ஒதுங்கி நிற்பவர் நீங்கள் மட்டுமே, கே.

பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுப்பதைத் தவிர என்ன செய்கின்றன என்ற கேள்வியை உங்கள் மாநிலத்திலிருந்து கேட்கிறீர்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். 1890-க்கு முன்பு அங்கே பாலை எடைபோட்டு வாங்கினார்கள். தண்ணீர் கலந்தவருக்கும் கலக்காதவருக்கும் ஒரே விலை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பாப்காக், கழுத்து நீண்ட ஒரு கண்ணாடிக் குப்பியில் பாலையும் கந்தக அமிலத்தையும் ஊற்றிச் சுழற்றினார். கொழுப்பு பிரிந்து மேலேறி, கழுத்தில் கீறியிருந்த அளவுக்கோடுகளுக்கு நடுவே மஞ்சளாக நின்றது. எவ்வளவு கொழுப்பு என்று எந்த விவசாயியும் கண்ணால் பார்த்துப் படிக்கலாம். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. உங்கள் மாநிலத்தின் பால்தொழில் நாணயத்தோடு வளர்ந்ததில் அந்தக் குப்பிக்குப் பெரும் பங்கு உண்டு. பல்கலைக்கழகத்தின் எல்லை மாநிலத்தின் எல்லை வரை விரிய வேண்டும் என்னும் கருத்துக்கு ‘விஸ்கான்சின் எண்ணம்’ என்றே பெயர் வந்தது.

அந்தப் பல்கலைக்கழக அமைப்பின் நோக்கத்தைச் சொல்லும் சட்டவரிகளிலிருந்து ‘உண்மையைத் தேடுதல்’ என்பதை நீக்கிவிட்டு, மாநிலத்தின் பணியாளர் தேவைகளை நிறைவு செய்வதைச் சேர்க்கும் திருத்தம் 2015-இன் நிதிநிலை வரைவில் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் வெட்டு நின்றது. பேராசிரியர்களின் பணிப் பாதுகாப்பும் மாநிலச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2015-இல் பல்கலைக்கழகத்திடமிருந்து 25 கோடியை எடுத்த அதே மாநிலம் 2017-இல் ஒரு தொழிற்சாலைக்கு 300 கோடியை நீட்டியது. விதைநெல்லை விற்று விருந்து வைத்தார்கள், விருந்தாளியும் வரவில்லை. அப்போது நீங்கள் அந்த ஊரில்தான் இருந்தீர்கள்.

இப்போது என் தோழியைப் பற்றிச் சொல்கிறேன். வேறொரு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் அவர் இருந்தபோது சில நாட்கள் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு மாலை நிலவறையில் இருந்த குளிர் அறைக்கு அழைத்துச் சென்றார். சுவரை மறைத்த தட்டுகளில் நூற்றுக்கணக்கான கண்ணாடிக் குப்பிகள், எல்லாவற்றிலும் மண். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த சீட்டில் பண்ணையின் பெயரும் ஆழமும் தேதியும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. மை காலப்போக்கில் மங்கும், பென்சில் மங்காது என்று அவருடைய ஆசிரியர் சொல்வாராம். முப்பது ஆண்டுகள் அந்த ஆசிரியரும் பிறகு இவரும் ஒரே வயல்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று எடுத்த மண் அது. ஒரு குப்பியைக் கையில் எடுத்துத் துடைத்து, “இந்த வயல் இப்போது இல்லை, கட்டடம் வந்துவிட்டது, மண் மட்டும் இங்கே இருக்கிறது” என்றார்.

அந்த ஆண்டு மாநில நிதி குறைந்தது. அறையைப் பார்த்துக்கொண்ட ஊழியரின் பணியிடம் நிரப்பப்படாமல் போயிற்று. குளிர்சாதனம் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியாத நிலை. அதே மாதத்தில் அந்த நகரமன்றம் ஒரு தொழிற்சாலைக்கு இலவச நிலம் தருவதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது. தோழி வேறு மாநிலத்துக்குப் போனார். நான்கு ஆய்வு மாணவர்கள் கூடவே போனார்கள். அவர்களில் இருவர் சென்ற இடத்தில் மண் பரிசோதனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கி நடத்துகிறார்கள். அது சிறிய நிறுவனம்தான். ஆனால் அந்த ஊர் ஒரு சதுர அடி நிலத்தையும் இலவசமாகக் கொடுக்காமலே வந்த நிறுவனம். குப்பிகளில் பாதியைத்தான் அவரால் எடுத்துச் செல்ல முடிந்தது. மீதி என்னவாயிற்று என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று கேட்காததைத்தான் அந்தக் கடிதத்தில் கேட்டிருந்தேன்.

உங்கள் வீட்டை விற்பதா என்பதை நீங்களும் உங்கள் துணைவியாரும் முடிவு செய்யுங்கள். மகளை அவள் விரும்பும் படிப்பு எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே அனுப்புங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசன் இன்னமும் அத்தகைய இடம்தான், அதை அப்படியே வைத்திருக்கப் பலர் போராடுகிறார்கள். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளின் வசந்தத்தில், உங்கள் சட்டமன்றத்தின் கூட்டு நிதிக்குழு மாநிலத்தின் சில ஊர்களில் மக்களை நேரில் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துச் சில நிமிடங்கள் பேசலாம். அடுத்த முறை மகளையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். பாப்காக்கின் குப்பியைப் பற்றிச் சொல்லுங்கள், அந்த 25 கோடியைப் பற்றிக் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.