மறு: ரிஸ்பெரிடோன் தொடங்கியதிலிருந்து தம்பி ஓரிடத்தில் உட்காருவதில்லை

சகோதரி, தம்பிக்கு இல்லாத குரல்கள் கேட்பது குறைந்துவிட்டது, ஆனால் சோற்றுத் தட்டோடு கூடத்தில் நடந்துகொண்டே இருக்கிறார், நோய் முற்றிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு நோயைவிட ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தின் மேல்தான் சந்தேகம். நின்றால் கால் மாற்றி மாற்றி வைக்கிறார், படுத்தாலும் கால் ஓய்வதில்லை என்கிறீர்களே, அகதிசியா என்ற பக்கவிளைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ரிஸ்பெரிடோன் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது. குரல்கள் அடங்குவதற்கும் இந்தத் தவிப்புக்கும் அதில்தான் தொடர்பு. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் தொல்லை இன்னும் அதிகம்.

நோய்தான் என்று நினைத்து அளவைக் கூட்டினால் தவிப்பும் கூடக்கூடும். அதனால் மருத்துவரிடம் "பதற்றமாக இருக்கிறார்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். தம்பி நடப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டுங்கள். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், தவிப்பைத் தணிக்க புரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்க்கலாம். (புரோப்ரனலால் ஆஸ்துமாவுக்கு ஆகாது, அது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், குரல்கள் திரும்பக்கூடும். சாக வேண்டும் போலிருக்கிறது என்று அவர் சொன்னாலோ, காய்ச்சலோடு உடல் விறைத்தாலோ அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.