புல்வெளியில் தேயும் டேனிய ஊர்கள்: கேள்வி பதில்

அயோவா, நெப்ராஸ்கா, கான்சாஸ் முதலிய அமெரிக்க மாநிலங்களின் பிரெய்ரி புல்வெளியில் டேனியர்கள் அமைத்து, இன்று மெல்லத் தேய்ந்துவரும் சிற்றூர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். ஊரார் சொல்லும் கதை எது, ஏடுகளில் உள்ள செய்தி எது என்பதை இயன்றவரை பிரித்தே சொல்கிறேன். இரண்டையும் நான் மதிக்கிறேன்.

கேள்வி: டேனியர்கள் அவ்வளவு தொலைவு ஏன் போனார்கள், ஐயா?

1850 முதல் 1930 வரை ஏறத்தாழ 3 லட்சம் டேனியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் பலர் சொந்த நிலம் இல்லாத கூலிகள், அல்லது தந்தையின் பண்ணையில் தமக்கென ஒரு பங்கு கிடைக்காத இளைய பிள்ளைகள். டென்மார்க் தோற்ற 1864ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அதன் தெற்கிலிருந்த ஷ்லெஸ்விக் பகுதி, ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் வசமானபோது, அயலாரின் படையில் கட்டாயச் சேவை செய்ய மனமில்லாத இளைஞர்களும் கப்பலேறினார்கள். ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் சொந்தமாகும் என்று 1862ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் உறுதி தந்திருந்தது. மரங்களே அரிதான அந்தச் சமவெளியில், புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கித்தான் பலர் தங்கள் முதல் வீட்டைக் கட்டினார்கள்.

கேள்வி: தரங்கம்பாடியை ஆண்ட டேனியர்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. தரங்கம்பாடி 1620இல் தொடங்கிய வணிகக் கோட்டை. அதை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். புல்வெளிக்கு உழவர்கள் பெருந்திரளாகச் சென்றது அதற்குப் பிறகுதான். அவர்களை அனுப்பிவைத்தது அரசும் அல்ல, வணிகக் கம்பெனியும் அல்ல.

கேள்வி: நெப்ராஸ்காவின் டானெப்ராக் என்ற ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

டென்மார்க்கின் தேசியக் கொடியின் பெயரே அது. 1219ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று, இன்றைய டாலின் நகருக்கு அருகில் எஸ்தோனியரோடு நடந்த போரில், மன்னர் இரண்டாம் வால்டமாரின் படை தோற்கும் தறுவாயில் இருந்தபோது, சிவப்புத் துணியில் வெண்சிலுவை பொறித்த கொடி வானத்திலிருந்து விழுந்தது என்பது ஐதீகம். இக்கதை 16ஆம் நூற்றாண்டின் ஏடுகளில்தான் முதலில் காணப்படுகிறது. ஊர் உருவானது 1871இல். மில்வாக்கியில் தொடங்கிய டேனிய நிலச் சங்கத்தின் சார்பில் லார்ஸ் ஹானிபாலின் தலைமையில் வந்தவர்கள் அதை அமைத்தார்கள். இன்று அங்கே ஏறத்தாழ 300 பேர் வாழ்கிறார்கள். மொன்டானாவில் 1906இல் தோன்றிய டாக்மார் என்ற குடியேற்றம், அதே வால்டமாரின் அரசியின் பெயரைத் தாங்கியது. மண்குடிசையில் வாழ்ந்தவர்கள் தங்கள் ஊருக்கு மன்னர் காலத்துக் கதையைச் சூட்டிக்கொண்டதை நான் வெறும் பெருமையாகக் கருதவில்லை. அடையாளமே இல்லாத நிலத்தில் அவர்களுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

கேள்வி: கான்சாஸில் டேனியர்கள் தாக்கப்பட்டது கதையா, வரலாறா?

வரலாறு. 1869ஆம் ஆண்டு மே 30 அன்று, லிங்கன் மாவட்டத்தின் ஸ்பில்மன் ஓடைக் கரையில், அமெரிக்கப் பூர்வகுடிகளான செயேன் மக்களின் போர்வீரர்கள் குடியேறிகளைத் தாக்கினார்கள். இறந்தோரில் டேனியர்களும் இருந்தார்கள். சிறைபிடிக்கப்பட்ட பெண்களில் மரியா வைக்கெல் உயிர் பிழைத்தார். சுசன்னா ஆல்டர்டைஸ், ஜூலை 11 அன்று கொலராடோவின் சம்மிட் ஸ்பிரிங்ஸில் நடந்த சண்டையின்போது கொல்லப்பட்டார். குடியேறிகளின் துயரம் உண்மையானது. தங்கள் வேட்டை நிலத்தை ரயில் பாதைக்கும் கலப்பைக்கும் இழந்துகொண்டிருந்த செயேன்களின் துயரமும் அதே அளவு உண்மையானது. ஊர்க்கதைகளில் இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

கேள்வி: சோசலிசக் குடியேற்றம் ஒன்றும் இருந்ததாமே?

1877இல் கான்சாஸின் ஹேஸ் நகருக்கு அருகில் இருந்தது. சில வாரங்களே நிலைத்தது. அதை அமைத்தவர், டேனிய சோசலிச இயக்கத்தைத் தொடங்கிய லூயி பியோ. அவருக்கு, நாட்டை விட்டுப் போவதற்காகக் கோபன்ஹேகன் காவல்துறையே பணம் கொடுத்திருந்தது. உழவு தெரியாத நகரத்துத் தொழிலாளர்கள் கூடியதும், அவர்களுக்குள் சச்சரவு மூண்டதுமே அதன் முடிவுக்குக் காரணம்.

கேள்வி: "மகிழ்ச்சி டேனியர்", "துயர டேனியர்" என்ற பிரிவு எதனால் வந்தது?

இதை அறியாமல் இந்த ஊர்களை அறிய முடியாது. கிருண்ட்விக் (1783–1872) என்ற பாதிரியாரும் கவிஞருமானவரின் வழியினர், முதலில் நல்ல மனிதனாக வாழ வேண்டும், கிறிஸ்தவ வாழ்வு அதன் மேல் எழ வேண்டும் என்றார்கள். நாட்டுப்பாடலும் நடனமும் அவர்களுக்குப் பாவமல்ல; இவர்களே "மகிழ்ச்சி டேனியர்". வயதுவந்தோருக்காகத் தேர்வும் பட்டமும் இல்லாத "மக்கள் உயர்பள்ளி"களை அவர்கள் நடத்தினார்கள்: அயோவாவின் எல்க் ஹார்னில் 1878இலும், நெப்ராஸ்காவின் நிஸ்டெடில் 1887இலும், மினசோட்டாவின் டைலரில் 1888இலும் இவை தோன்றின. "துயர டேனியர்" எனப்பட்ட, உள்நாட்டு மிஷன் என்ற மற்றொரு பிரிவினரோ, மனந்திரும்புதலே எல்லாம் என்று கருதி, ஆட்டத்தையும் சீட்டையும் மதுவையும் விலக்கினார்கள்.

1894இல் டேனிய லூத்தரன் திருச்சபை இரண்டாக உடைந்தது. பிரிந்த உள்நாட்டு மிஷன் பிரிவினர், நெப்ராஸ்காவின் பிளேரில் 1884 முதல் இயங்கிய குருமடத்தைச் சேர்ந்தவர்களோடு இணைந்து 1896இல் தனிச் சபை கண்டார்கள். அதே ஆண்டு கிருண்ட்விக் வழியினர் அயோவாவின் டெ மாயின் நகரில் கிராண்ட் வியூ கல்லூரியைத் தொடங்கினார்கள். ஒரே ஊரில் இரண்டு டேனியத் தேவாலயங்கள் நின்றன. கிருண்ட்விக்கின் மகன் பிரெடரிக் 1887இல் நிறுவிய டேனிய மக்கள் சங்கம், 1894இல் டெக்சாஸின் கடலோரப் புல்வெளியில் 25,000 ஏக்கரைக் குறித்து, டேனவாங் என்ற குடியேற்றத்தை உருவாக்கியது. இரு சபைகளும் 1960களின் தொடக்கத்தில் வெவ்வேறு லூத்தரன் அமைப்புகளில் கரைந்து, அந்த அமைப்புகள் 1988இல் ஒன்றானபோதுதான் மீண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஏற்கெனவே சிறிய மக்கள்தொகை, தன் பணத்தையும் பிள்ளைகளையும் இப்படி இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டது பேரிழப்பு என்றே நான் எண்ணுகிறேன். பிளேர் குருமடத்திலிருந்து வளர்ந்த டேனா கல்லூரி 2010இல் மூடப்பட்டது.

கேள்வி: பேய், பூதக் கதைகள் எவையேனும் அங்கே வழங்குகின்றனவா?

நிஸ்ஸே என்ற சிறிய வீட்டுத் தெய்வத்தைச் சொல்லலாம். பண்ணையைக் காக்கும் அந்தச் செந்தொப்பிக் கிழவனுக்குக் கிறிஸ்துமஸ் இரவில் வெண்ணெய் இட்ட கஞ்சி வைக்காவிட்டால் தொல்லை தருவான். அவன் தொல்லை தாளாமல் ஓர் உழவன் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது, ஒரு தொட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "இன்று நாம் வீடு மாறுகிறோம்" என்றானாம். இது டென்மார்க்கின் பழங்கதை. கடல் தாண்டிய பின் நிஸ்ஸே தொழுவத்தை விட்டுக் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குள் போய்விட்டான். பழைய பண்ணையோடு பிணைந்த நம்பிக்கை, புதிய மண்ணில் அதே வலிமையோடு ஊன்றவில்லை.

கேள்வி: டேனிய மொழி எப்படி மறைந்தது? ஊர்கள் ஏன் தேய்ந்தன?

முதல் உலகப் போரின்போது, 1918ஆம் ஆண்டு மே 23 அன்று, அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பள்ளியிலும் தேவாலயத்திலும் ரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று பிரகடனம் செய்தார். டென்மார்க் அந்தப் போரில் நடுநிலை நாடு. ஆயினும் ஆங்கிலம் அறியாத டேனிய முதியோர் தங்கள் தேவாலயத்திலேயே அந்நியரானார்கள். போர் முடிந்த பின் ஆணை விலக்கப்பட்டாலும், அச்சம் விலகவில்லை. 1921, 1924ஆம் ஆண்டுகளின் குடிவரவுச் சட்டங்கள் புதியவர்களின் வரவைச் சுருக்கின. டிராக்டர் வந்த பின் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. பண்ணைகள் ஒன்றோடொன்று இணைய, பள்ளிகளும் கடைகளும் மூடின.

விதிவிலக்காக எல்க் ஹார்ன் நிற்கிறது. டென்மார்க்கின் நோர்ரே ஸ்னீடில் 1848இல் கட்டப்பட்ட காற்றாலையை, 1970களின் நடுவில் பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டுக் கொண்டுவந்து, சில நூறு பேரே வாழும் அந்த ஊரார் தன்னார்வ உழைப்பால் நிறுத்தினார்கள். டேனிய அமெரிக்கருக்கான அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: மேலும் ஆராய எங்கே தொடங்கலாம்?

எல்க் ஹார்ன் அருங்காட்சியகத்தின் குடும்ப வரலாற்று மையமும், பிளேரில் உள்ள டேனிய அமெரிக்க ஆவணக் காப்பகமும் முதலில் நாட வேண்டிய இடங்கள். தேவாலயப் பதிவேடுகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். முற்காலப் பதிவுகள் பழைய கோதிக் கையெழுத்தில் இருப்பதால், அதைப் படிக்கப் பழகிய ஒருவரின் துணையோடு தொடங்குவது நல்லது.